மூன்றாண்டு என்றார்கள் முன்னோர்: வக்ஃபு நிலமும் நீண்டகாலக் குத்தகையும்



ஒகேனக்கல்லுக்கு வரும் பயணிகள் கட்டணம் செலுத்திப் பரிசலில் ஏறுகின்றனர். பாறைகளுக்கிடையே சிறிது நேரம் சுற்றி வந்து கரையேறுகின்றனர். கரையேறிய எவரும் அந்தப் பரிசல் தமக்குச் சொந்தம் என்று கூறியதில்லை. நேரம் குறுகியது, கட்டணம் கைக்கு வந்துவிட்டது, பரிசல்காரரும் கூடவே அமர்ந்திருக்கிறார். ஃபிக்ஹு நூல்கள் ‘இஜாரா’ என்று கூறும் ஒப்பந்தத்திற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் ஊரில் இல்லை. பொருள் உரியவரிடம் இருக்கும். அதன் பயன் மட்டும் ஒரு காலத்திற்கு மற்றவருக்குச் செல்லும்.

அதே பரிசலை ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுத்துச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். உரியவர் இறந்துவிட்டார். மூங்கில் சட்டத்தை வாடகைக்காரர் இரண்டு முறை மாற்றிக் கட்டினார்; தாரும் அவரே பூசினார். உரியவரின் பேரனுக்கு அப்படி ஒரு பரிசல் இருந்ததே தெரியாது. முப்பத்தோராம் ஆண்டில் அது யாருடைய பரிசல்? சட்டப்படி விடை எளிது; நடைமுறையில் விடை எளிதன்று.

இந்த எண்ணம் தோன்றக் காரணம் உண்டு. எங்கள் பகுதியிலுள்ள சிறிய ஜமாஅத் ஒன்றுக்குச் சாலையோரத்தில் ஒரு வக்ஃபு நிலம் இருக்கிறது. சில புளிய மரங்களின் மகசூலைத் தவிர அதிலிருந்து வருமானம் ஏதுமில்லை. படுக்கையிலேயே கிடக்கும் முதியவர்களைப் பராமரிக்கும் ஓர் அறக்கட்டளையினர் அந்நிலத்தை முப்பது ஆண்டுகளுக்குக் கேட்டனர். இல்லம் கட்டுவது அவர்கள் பொறுப்பு. வாடகை பெயரளவில் இருந்தால் போதும் என்றனர். ஜமாஅத் இரண்டுபட்டது. ‘நோயாளிகளுக்கு நிலம் கொடுப்பதைவிடப் பெரிய ஸதகா ஏது? அதற்கு வாடகை வேறு கேட்பதா?’ என்றார் ஒருவர். ‘முப்பது ஆண்டு கழித்து நாம் யாரும் இருக்கமாட்டோம், நிலமும் இருக்காது’ என்றார் மற்றொரு பெரியவர். பிறகு, ‘ஹஜ்ரத், கிதாபுகளில் என்ன இருக்கிறது?’ என்று என்னிடம் கேட்டனர். ஹிதாயா பாடம் நடத்துபவன் என்பதால் என்னிடம் ஒரு வரியில் விடையை எதிர்பார்த்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல நூற்றாண்டுகளின் வரலாறு இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

கைபரில் தொடங்கிய முறை

வக்ஃபின் அடிப்படையை நாம் உமர் (ரலி) அவர்களின் செயலிலிருந்து அறிகிறோம். கைபரில் அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதைவிடச் சிறந்த செல்வம் தமக்குக் கிடைத்ததில்லை என்று கூறி, என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள். அவ்வாறே உமர் (ரலி), அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகத் தரப்படாது, வாரிசுரிமையாகச் செல்லாது என்று நிபந்தனையிட்டு, ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் முதலியோருக்கு அதன் பயனை ஒதுக்கினார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற இச்செய்தியை நாம் அனைவரும் அறிவோம்.

நாம் அதிகம் கவனிக்காத ஒரு பகுதி அபூதாவூதில் உள்ளது. அந்த வக்ஃபு வாய்மொழியோடு நின்றுவிடவில்லை. முஐகீப் (ரலி) அதை எழுதினார்கள். அப்துல்லாஹ் இப்னுல் அர்கம் (ரலி) சாட்சியாக இருந்தார்கள். உமர் (ரலி) அவர்களுக்குப் பின் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்கள் அதை நிர்வகிக்க வேண்டும் என்றும் அதில் குறிக்கப்பட்டது. எழுத்து, சாட்சி, அடுத்த பொறுப்பாளரின் பெயர் ஆகிய மூன்றும் அன்றே இருந்தன.

அதே கைபரின் மற்ற நிலங்களிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. அங்கிருந்த யூதர்களிடமே நிலத்தைப் பயிர் செய்ய விட்டு, விளைச்சலில் பாதியைத் தர வேண்டும் என்று நபி (ஸல்) ஒப்பந்தம் செய்தார்கள். முஸ்லிம்கள் விரும்பும் காலம் வரைதான் அவ்வேற்பாடு என்பதும் கூறப்பட்டது. விளைச்சலை மதிப்பிட அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அனுப்பப்பட்டார்கள். குத்தகை ஒரு நிலையான தொகையாக இராமல் விளைச்சலின் பங்காக இருந்ததால், விளைச்சல் பெருகும்போது பங்கும் பெருகியது. முடித்துக்கொள்ளும் உரிமை கையில் இருந்தது. நேரில் சென்று பார்க்கும் ஆளும் இருந்தார். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வக்ஃபுகள் அழிந்த இடங்களிலெல்லாம் இவற்றில் ஒன்றேனும் இல்லாமற் போயிருந்தது.

ஹனஃபீ அறிஞர்கள் அஞ்சியது எதற்கு?

ஹிஜ்ரீ மூன்றாம் நூற்றாண்டிலேயே வக்ஃபுச் சட்டங்களுக்கெனத் தனி நூல்கள் தோன்றின. ஹிலாலுர் ரஃயு (ஹி. 245), இமாம் கஸ்ஸாஃப் (ஹி. 261) ஆகியோரின் நூல்கள் அவற்றுள் முதன்மையானவை. வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனை மீறப்படக்கூடாது. நிலவும் சந்தை வாடகையான ‘அஜ்ருல் மிஸ்லு’க்கு வெகுவாகக் குறைத்து வக்ஃபுச் சொத்தை விடக்கூடாது என்பவை ஹனஃபீ மத்ஹபின் அடிப்படை விதிகள்.

காலவரையறை பற்றிய விதி அதன்பின் வந்தது. வக்ஃபு செய்தவர் காலத்தைக் குறிப்பிடாவிட்டால், வீடு, கடை போன்றவற்றை ஓராண்டுக்கும் விளைநிலத்தை மூன்றாண்டுக்கும் மேல் விடக்கூடாது, வக்ஃபின் நலன் வேறாக இருந்தாலொழிய, என்று பிற்கால அறிஞர்கள் ஃபத்வா அளித்தனர். ஹிஜ்ரீ 593இல் மறைந்த இமாம் மர்ஃகீனானீ (ரஹ்) தம் ஹிதாயாவின் இஜாரா பாடத்தில் இதற்குக் காரணத்தையும் கூறிவிடுகிறார். மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை வக்ஃபில் ஆகாது. ஏனெனில், குடியிருப்பவர் நாளடைவில் தாமே உரிமையாளர் என்று வாதிடக்கூடும் என்பதே அது.

ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு இந்த இடத்தைப் படித்துக்காட்டும்போது ஒன்றைச் சுட்டுவேன். ஒருவர் தம் சொந்த வீட்டை நீண்டகாலம் வாடகைக்கு விடுவதை ஹிதாயா தடுக்கவில்லை. சொந்த வீட்டிற்கு வாரிசுகள் இருப்பார்கள். அவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். வக்ஃபிற்கு வாரிசு இல்லை. இன்றைய முதவல்லி நாளை இருக்கமாட்டார். ஆகவே, மூன்று என்ற எண், நினைவிருப்பவர்கள் உயிரோடிருக்கும்போதே ஒப்பந்தம் மீண்டும் கைக்கு வர வேண்டும் என்பதற்காக இடப்பட்ட வேலி.

நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், பொருள் நிலைத்திருக்கும் காலம் எவ்வளவோ அவ்வளவு காலத்திற்கும் இஜாரா செல்லும் என்ற பொது விதி உண்டு. எனவே நீண்டகாலக் குத்தகையே ஹராம் என்று எவரும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் பொறுப்பாளர் வக்ஃபின் நலனைத்தான் பார்க்க வேண்டும் என்பதில் இரு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடில்லை.

நோயாளிக்கு நிலமா, கடையின் வாடகையா?

பராமரிப்பு இல்லங்களுக்கும் வக்ஃபிற்கும் உள்ள உறவு புதிதன்று. டமாஸ்கஸில் நூருத்தீன் 1154இல் ஒரு மருத்துவமனையை நிறுவினார். கெய்ரோவில் மம்லூக் சுல்தான் கலாவூன் 1284இல் மன்சூரி மருத்துவமனையைத் தொடங்கினார். செல்வர், வறியவர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. மருத்துவர் ஊதியம், மருந்து, உணவு, படுக்கை அனைத்திற்கும் பணம் எங்கிருந்து வந்தது? கெய்ரோவிலும் பிற இடங்களிலும் மருத்துவமனைக்கென வக்ஃபு செய்யப்பட்டிருந்த கடைகள் போன்ற சொத்துகளின் வாடகையிலிருந்து வந்தது.

இங்கே இரு வழிகள் தென்படுகின்றன. வக்ஃபு நிலத்தையே பராமரிப்பாளரிடம் ஒப்படைப்பது ஒன்று. வக்ஃபு நிலத்தை முறையான வாடகைக்கு விட்டு, அவ்வாடகையால் பராமரிப்பை நடத்துவது மற்றொன்று. முன்னோர் பெரிதும் நம்பியது இரண்டாவது வழியை. கடைக்காரர் வாடகை தராவிட்டால் முதவல்லி தயங்காமல் கேட்பார். அநாதைகளையோ நோயாளிகளையோ பராமரிப்பவரிடம் வாடகை கேட்க நா எழாது. கேட்காத ஆண்டுகள் சேர்ந்துகொண்டே போகும். என் கருத்தில், வணிகருக்கு விட்ட நிலத்தைவிட நற்பணிக்கு விட்ட நிலத்திற்கே கண்காணிப்பு அதிகம் வேண்டும். நல்ல காரியம் என்பதாலேயே அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஹிக்ரும் இரட்டை வாடகையும்

அப்படியானால் நீண்டகாலக் குத்தகை முஸ்லிம் நாடுகளில் இல்லையா? இருந்தது. தேவையே அதைக் கொண்டுவந்தது. கட்டடம் இடிந்து, பழுதுபார்க்க வக்ஃபில் பணம் இல்லாத நிலையில், ஒருவர் தம் செலவில் கட்டிக்கொண்டு நிலத்திற்கு மட்டும் வாடகை தருவதாக முன்வந்தால் என்ன செய்வது? எகிப்திலும் சிரியாவிலும் இதற்கு ‘ஹிக்ர்’ என்ற முறை பரவியது. இஸ்தான்புல்லில் தீவிபத்துகளால் வக்ஃபுக் கட்டடங்கள் பெருமளவில் அழிந்தபோது உஸ்மானியர் ‘இஜாரதைன்’ என்னும் இரட்டை வாடகை முறையைக் கையாண்டனர். கட்டடத்தை எழுப்பப் போதுமான பெருந்தொகை முதலில் தரப்படும். பிறகு ஆண்டுதோறும் ஒரு சிறு வாடகை செலுத்தப்படும். அந்த உரிமை குடியிருப்பவரின் பிள்ளைகளுக்கும் சென்றது.

முதல் தலைமுறைக்கு இது பெரும் உதவி. பாழடைந்த இடங்களில் மீண்டும் கட்டடம் எழுந்தது. ஆனால் ஆண்டு வாடகை ஒரே தொகையாக நின்றுவிட, நாணயத்தின் மதிப்போ தேய்ந்துகொண்டே வந்தது. பெயருக்கு வக்ஃபு, அனுபவத்தில் தனிச்சொத்து என்ற நிலை ஏற்பட்டது. ஹிதாயா எச்சரித்தது நடந்துவிட்டது. யாரும் திருடவில்லை, வாடகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

இதனால்தான் டமாஸ்கஸின் இமாம் இப்னு ஆபிதீன் (1784-1836) போன்றோர் வாடகை உயர்வு குறித்து விரிவாக எழுதினர். குடியிருப்பவரின் சொந்தக் கட்டுமானத்தால் அன்றி, ஊரில் பொதுவாகவே நில வாடகை உயர்ந்துவிட்டால், வக்ஃபின் வாடகையும் உயர்த்தப்பட வேண்டும். உயர்ந்த வாடகையைத் தர முன்வந்தால், ஏற்கெனவே இருப்பவருக்கே முன்னுரிமை. தர மறுத்தால் வேறொருவருக்கு விடலாம். யாருக்குக் குத்தகை உரிமையில் முதலிடம் என்பதற்கென்றே அவர்கள் தனியாக ஒரு சிறு நூலும் எழுதியுள்ளார்கள். குடியிருப்பவருக்கு நீதி, வக்ஃபிற்கும் நீதி என்ற இந்தச் சமநிலை போற்றத்தக்கது.

நம் மண்ணில்: பதிவேட்டில் யார் பெயர்?

இனி நம் பகுதிக்கு வருவோம். தர்மபுரி உள்ளிட்ட பாராமகால், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்குச் சென்றது. அலெக்சாண்டர் ரீட் நிர்வாகியாக வந்தார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோ தர்மபுரியில் தங்கிப் பணியாற்றினார். நிலவரியை ஆண்டுதோறும் முடிவு செய்வதா, நீண்ட குத்தகையாக நிலைப்படுத்துவதா என்ற கேள்வி அன்றே இங்கு எழுந்தது. அதிலிருந்து வளர்ந்ததே ரயத்துவாரி முறை. நிலத்தை அளந்து, உழுபவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, அவரிடம் நேரடியாக வரி பெறுவது அதன் அடிப்படை. அன்று முதல் நம் மக்களுக்குப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமையின் அடையாளமாகிவிட்டது.

வக்ஃபிற்கு இது ஒரு புதிய சோதனை. அல்லாஹ்வுக்கென நிறுத்தப்பட்ட நிலத்திற்கு யாருடைய பெயரில் பட்டா போடுவது? பல ஊர்களில் அன்றைய முதவல்லியின் சொந்தப் பெயரே எழுதப்பட்டது. அவர் காலத்தில் அது தவறாகத் தோன்றவில்லை; அவருடைய பேரர்கள் காலத்தில் அதுவே வழக்காயிற்று.

கண்காணிப்பும் நிலையாக இருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், பள்ளிவாசல், கோயில், சத்திரம் ஆகியவற்றின் அறச்சொத்துகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. பிறகு அரசு மெல்ல விலகிக்கொண்டது. 1863ஆம் ஆண்டின் சமய அறக்கட்டளைச் சட்டம் அப்பொறுப்பை உள்ளூர்க் குழுக்களிடம் விட்டது. முஸ்லிம் வக்ஃபுகள் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1923இல் தனிச் சட்டம் வந்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் கணக்கில்லாமற் போனவை எத்தனை என்பதை அல்லாஹ்வே அறிவான்.

கட்டியவர் நிலத்தையும் கேட்டபோது

ஹிதாயா கூறிய அச்சத்திற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. அது 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். காலி மனையை வாடகைக்கு எடுத்துத் தம் செலவில் வீடோ கடையோ கட்டியவர்களை, நிலத்தின் விலை ஏறியவுடன் உரிமையாளர்கள் வெளியேற்ற முற்பட்டனர். அந்த ஏழைகளைக் காப்பதே சட்டத்தின் நோக்கம். நோக்கத்தில் குறை காண முடியாது. வெளியேற்றினால் கட்டடத்திற்கு இழப்பீடு தர வேண்டும் என்றது சட்டம். அதோடு, அந்த நிலத்தைத் தமக்கே விலைக்குத் தரும்படி நீதிமன்றத்தில் கோரும் உரிமையையும் அதன் 9ஆம் பிரிவு குடியிருப்பவருக்கு அளித்தது. பின்னர் இச்சட்டம் வேறு சில நகரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

செல்வந்தரான நில உரிமையாளருக்கும் வக்ஃபிற்கும் இங்கே ஒரே அளவுகோல்தான். விற்கவே முடியாது என்று நிறுத்தப்பட்ட நிலத்தையும், அதன்மேல் கட்டடம் கட்டியவர் விலைக்குக் கேட்க வழி பிறந்தது. சமய நிறுவனங்களுக்கும் சமய அறங்களுக்கும் உரிய நிலங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று, இந்து, முஸ்லிம், கிறித்தவர் என அனைவருக்கும் பொதுவாக விலக்களித்த திருத்தம் 1996இல்தான் வந்தது. கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் ஒரே துன்பத்தை அனுபவித்து ஒரே பாதுகாப்பைப் பெற்றன என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றிலிருந்து முப்பது

1995ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டம் 56ஆம் பிரிவில் மூன்றாண்டு வரம்பை வைத்தது. மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை செல்லாது. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டுக்குள் என்றால் வாரியத்தின் அனுமதி வேண்டும். ஹனஃபீ நூல்களில் கண்ட அதே எண், நாடாளுமன்றச் சட்டத்தில்!

ஆனால் மறுபக்கமும் இருந்தது. 2006இல் வெளியான நீதியரசர் சச்சார் குழுவின் அறிக்கை, நாட்டில் பதிவு பெற்ற வக்ஃபுச் சொத்துகள் 4.9 லட்சத்திற்கு மேல் இருப்பதாகவும், அவற்றின் பரப்பு ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கர் என்றும் கூறியது. சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஆண்டு வருமானமோ சுமார் 163 கோடி மட்டுமே. மூன்றாண்டு கழித்து வெளியேற வேண்டும் என்றால் யார் அங்கே மருத்துவமனையோ கல்லூரியோ கட்டுவார்கள்? எனவே கல்வி, மருத்துவம் போன்ற பணிகளுக்கு முப்பது ஆண்டு வரை குத்தகைக்கு விட அனுமதிக்கலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது.

2013ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஏற்றது. வணிகம், கல்வி, மருத்துவம் ஆகியவற்றிற்கு மாநில அரசின் ஒப்புதலுடன் முப்பது ஆண்டு வரை விடலாம். விளைநிலத்திற்கு மூன்றாண்டு வரம்பு அப்படியே நீடித்தது. வக்ஃபு நிலத்தை விற்பதும் அன்பளிப்பாகத் தருவதும் அடகு வைப்பதும் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை என்று உறுதியாக்கப்பட்டது. குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவர் ஆக்கிரமிப்பாளர் என்ற வரையறைக்குள் வந்தார். 2014இல் குத்தகை விதிகளும் வெளியாயின. வேலியை அகலமாக்கியபோது, அதற்குக் காவலையும் சேர்த்தே வைத்தனர்.

அக்காவலில் ஒன்று இப்போது மாறியிருக்கிறது. வக்ஃபு நிலத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறை கிடையாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு கூறியது. 2025 ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இனி வக்ஃபிற்கும் பொருந்தும் என்று ஆக்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15இல் அத்திருத்தச் சட்டத்தின் சில பகுதிகளை நிறுத்திவைத்தது. காலவரையறை பற்றிய மாற்றத்தை நிறுத்திவைக்கவில்லை. குடியிருப்பவரிடமிருந்து நிலத்தை மீட்க, குத்தகை முடிந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் என்பதே காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம்.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டு குத்தகை முடிகிறது. புதிய நிர்வாகிகளுக்கு ஆவணம் எங்கிருக்கிறது என்று தெரியவில்லை. ‘நல்ல காரியம்தானே நடக்கிறது, இருக்கட்டும்’ என்று பன்னிரண்டு ஆண்டுகள் கழிகின்றன. பிறகு கேட்கப் போனால் வாசல் அடைபட்டிருக்கும். குடியிருப்பவர் உரிமை கொண்டாடுவார் என்று ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஹிதாயா அஞ்சியது இன்று நம் முன் ஒரு கணக்காக நிற்கிறது.

ஜமாஅத்திற்கு நான் சொன்னது

வாடகை வேண்டாம் என்ற சகோதரரின் மனத்தை நான் மதிக்கிறேன். எங்கள் பகுதியில் படுக்கையில் கிடக்கும் தாயைத் தனியே விட்டுக் கூலி வேலைக்குச் செல்லும் பிள்ளைகளை நான் அறிவேன். ஒகேனக்கல்லிலிருந்து தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். அத்தகைய ஓர் இல்லம் இங்கே வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அவரிடம் ஒன்று சொன்னேன். முதவல்லியோ நிர்வாகியோ நிலத்தின் உரிமையாளர் அல்லர். தம் பணத்தில் எவ்வளவும் தாராளம் காட்டலாம். வக்ஃபின் வாடகையில் தாராளம் காட்ட அவர்களுக்கு உரிமையில்லை. அந்த வாடகை, வக்ஃபு செய்தவர் குறிப்பிட்ட பயனாளிகளின் உரிமை. நோயாளிகளைப் பராமரிப்பதே வக்ஃபின் நோக்கமாக எழுதப்பட்டிருந்தால் நிலைமை வேறு. அதனால் முதற்கேள்வி வாடகை எவ்வளவு என்பதன்று. வக்ஃபு செய்தவர் எதற்காக இதை நிறுத்தினார் என்பதே.

நிலம் போய்விடும் என்று அஞ்சிய பெரியவரிடமும் ஒன்று சொன்னேன். புளிய மரங்களுக்கு மட்டும் விட்டுவைத்தாலும் நிலம் பாதுகாப்பாக இராது. யாரும் பயன்படுத்தாத நிலத்தை யாராவது ஒருவர் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார். பயன் தராத வக்ஃபு, உமர் (ரலி) அவர்கள் காட்டிய முறைக்கும் பொருந்தாது. மூலம் நிற்க வேண்டும் என்பது பாதி. விளைச்சல் சேர வேண்டியவர்களைச் சேர வேண்டும் என்பது மறுபாதி.

இறுதியில் ஜமாஅத்தினர் ஒரு முடிவுக்கு வந்தனர். மூல ஆவணத்தைத் தேடி எடுக்காமல் எதிலும் கையெழுத்திடுவதில்லை. வக்ஃபு வாரியத்தின் வழியாக அன்றி வாய்மொழியாக எவருக்கும் நிலத்தைக் காட்டுவதில்லை. பட்டா, வாரியப் பதிவு, அரசு 2025இல் தொடங்கிய உமீத் இணையதளப் பதிவு ஆகிய மூன்றிலும் வக்ஃபின் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று சரிபார்ப்பது. அந்நிலம் பதிவேட்டில் விளைநிலமாக இருந்தால் முப்பது ஆண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால் அதையும் உறுதி செய்வது. சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது.

அறக்கட்டளையினரிடம் முன்வைக்க வேண்டிய நிபந்தனைகளை நான் எழுதிக் கொடுத்தேன். வாடகை சந்தை நிலவரத்தை ஒட்டியிருக்கட்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்யப்படட்டும். ஜமாஅத்தினர் நோயாளிகளுக்கு உதவ விரும்பினால் தங்கள் ஸதகாவிலிருந்து இல்லத்திற்குத் தனியே கொடுக்கட்டும். அப்போது ஒரு கையில் வாடகை ரசீதும் மறு கையில் நன்கொடை ரசீதும் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. ஒப்பந்தம் முறையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். காலம் முடிந்தபின் கட்டடம் யாருக்கு என்பது முதல் நாளே எழுதப்பட வேண்டும். முதியோரைப் பராமரிக்கும் பணி நின்றுவிட்டால் குத்தகையும் முடிய வேண்டும், உள்வாடகைக்கு விடக்கூடாது. அங்கிருக்கும் முதியவர்கள் தெருவில் நிற்காதபடி போதிய அவகாசமும் அதில் எழுதப்பட வேண்டும். நம் நிலத்தைக் காப்பதற்காக ஒரு நோயாளியை வருத்துவது நமக்கு ஆகாது.

இன்னும் ஒன்று சேர்த்தேன். ஆண்டுக்கு ஒருமுறை, ரமளானுக்கு முந்தைய ஒரு ஜும்ஆவில், ஜமாஅத்தின் வக்ஃபுச் சொத்துகள் எவை, யாரிடம் உள்ளன, எந்த ஆண்டில் குத்தகை முடிகிறது என்பதைப் பள்ளிவாசலில் வாசிக்க வேண்டும். சிறுவர்களும் கேட்கட்டும். முப்பது ஆண்டு கழித்து அதை நினைவில் வைத்திருக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம். மூன்றாண்டு வரம்பால் முன்னோர் எதைக் காக்க எண்ணினார்களோ, அதை நாம் இவ்வாறு காக்க முயலலாம்.

இந்த வரிகளை எழுதும்வரை மூல ஆவணம் கிடைக்கவில்லை. ஒரு வீட்டின் பழைய இரும்புப் பெட்டியில் இருக்கலாம் என்று சொல்கிறார்கள், தேடிக்கொண்டிருக்கிறார்கள். அறக்கட்டளையினரும் பொறுமையுடன் காத்திருக்கின்றனர். உங்கள் ஊர் வக்ஃபின் ஆவணம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், அடுத்த ஜும்ஆவிற்குப் பிறகு முதவல்லியிடம் மரியாதையோடு ஒருமுறை கேளுங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும் நல்வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. அவனே நன்கறிந்தவன்.